பழைய போர்க்களத்துக்குப் புதுப் பூச்சு தேவையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, உடனே ஒருவனை மேடையேற்றிப் பேசச் சொல்வது கேட்பவர்களுக்கும் தண்டனை, பேசுகிறவனுக்கும் தண்டனை. அதிலும் வீடியோ கேம் பற்றிப் பேசு என்று சொன்ன சங்கச் செயலாளரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். முன்வரிசையில் எங்கள் பழைய வார்டன் சார் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கி, ஒரே விநாடியில் எட்டுப் பேரரசுகளைக் கவிழ்த்தவர் அவர். அலெக்சாண்டர்கூட அவ்வளவு வேகம் காட்டியதில்லை.

இந்த ஆட்டங்களை ஆடாதவர்களுக்காக ஒரு நிமிட அறிமுகம். வியூக விளையாட்டு என்பது கிட்டத்தட்ட சதுரங்கம் மாதிரிதான். ஆனால் எதிராளி உங்கள் முறைக்காகக் காத்திருக்க மாட்டான். நீங்கள் யோசிக்கிற நேரத்திலேயே அவன் விறகு வெட்டுவான், கோட்டை கட்டுவான், படை திரட்டுவான். 1992-ல் வந்த டியூன் 2 இந்த வகைக்கு ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தது. அதைச் செய்த அதே வெஸ்ட்வுட் நிறுவனம் 1995-ல் கமாண்ட் அண்ட் காங்கர் வெளியிட்டது. 1998-ல் ஸ்டார்கிராஃப்ட், 1999-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2002-ல் வார்கிராஃப்ட் 3. நான் இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்தது 2006-ல். அப்போதே இவையெல்லாம் பழைய ஆட்டங்கள்தான். ஆனாலும் ஏன் ஆடினோம்? எங்கள் கம்ப்யூட்டர்களில் வேறு எதுவும் ஓடாது. அவ்வளவுதான் காரணம். விடுதியில் சுற்றி வந்த அந்த சிடி யாருடையது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாத ரகசியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் புதுப் படம், புது ஒலியோடு "ரீமாஸ்டர்" என்ற பெயரில் மறுபடி விற்பனைக்கு வருகின்றன. காசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா? எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதற்காக ஒரு வாரம் சண்டை நடந்தது. "நம்ம ஞாபகத்தை நமக்கே விக்கிறானுங்கடா" என்று ஒரு கட்சி. "நூறு பேரு ஆடுனா நல்லதுதானே மாப்ள" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் படம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியே பேசின. எனக்கு அது இரண்டாம் பட்ச விஷயம்.

1964-ல் வந்த கர்ணன் படத்தைச் சுத்தம் செய்து 2012-ல் மறுபடி திரையிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. அங்கே கேள்வி எளிது. கோடு போயிருக்கிறதா, நிறம் வந்திருக்கிறதா, சிவாஜியின் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்தால் போதும். காரணம், சினிமாவில் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம், கர்ணன் கொடுக்கிற தானத்தில் நமக்கு வேலை இல்லை. விளையாட்டு அப்படி அல்ல. அதில் பாதியை ஆடுகிறவன் கைதான் செய்கிறது. படத்தைத் துடைக்கிறேன் என்று போய் அந்தக் கையின் பழக்கத்தைக் கெடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பொம்மை.

இதை நான் கற்றது விளையாட்டில் இல்லை, வேலையில். நான் செய்வது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பொறியியல். ஓர் ஆலையில் ஏறக்குறைய இருபது வருடப் பழைய கட்டுப்பாட்டுத் திரைகளை மாற்றும் வேலைக்குப் போனோம். உள்ளே ஓடுகிற லாஜிக்கைத் தொடக் கூடாது, வெளியே தெரிகிற திரையை மட்டும் புதிதாக்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன் அங்கிருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் சொன்னார்: "படத்தை எப்படி வேணா மாத்திக்கோங்க தம்பி. நிறுத்துற பட்டனை மட்டும் இருக்கிற இடத்துலயே வைங்க. ராத்திரி மூணு மணிக்கு என் கண்ணு தூங்கும், கை தூங்காது."

அந்த ஆலைத் திரையில் செய்ததைத்தான் 2020 ஜூனில் வந்த கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டரில் செய்திருக்கிறார்கள். 1995-ன் முதல் ஆட்டமும் 1996-ன் ரெட் அலர்ட்டும் சேர்ந்த தொகுப்பு அது. வெஸ்ட்வுட்டை 1998-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கி, 2003-ல் மூடிவிட்டது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய பெட்ரோகிளிஃப் என்ற நிறுவனத்திடமே இந்த வேலை போய்ச் சேர்ந்தது. கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டுப் பழுது பார்க்கச் சொன்னது மாதிரி. அவர்கள் பழைய ஆட்டத்தின் மூளையை, அதாவது எந்த டாங்கி எந்த விநாடியில் எங்கே நகரும், எத்தனை குண்டில் சாகும் என்று கணக்குப் போடும் நிரலை, அப்படியே ஒரு தனிப் பெட்டியாக வைத்துக்கொண்டார்கள். அதன் மேலே புதிய இயந்திரம் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் புதிய படமாக வரைந்து காட்டுகிறது. தனி ஆளாக ஆடும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும், அதே கணத்தில் அதே போர் பழைய புள்ளிப் படமாக மாறும். மறுபடி தட்டினால் புதிது.

தம்பிகளே, அந்த ஒரு பட்டனைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழகுக்காக வைத்தது என்றுதான் தோன்றும். எனக்கு அது தணிக்கைக் கணக்கு மாதிரி தெரிகிறது. "நாங்கள் எதையும் திருடவில்லை, வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்" என்று வாடிக்கையாளர் கையிலேயே அளவுகோலைக் கொடுக்கிறார்கள். பழைய ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் ஆர்டர் கொடுக்க முடியும். புதிதில் வரிசையாகக் கொடுக்கலாம். மாற்றம் என்று பார்த்தால் இந்த மாதிரி கைவலி குறைக்கும் காரியங்கள்தான். தாது அள்ளும் வண்டி எதிரிக் கோட்டைக்குள் நேராகப் போய்ச் சாகும் பழைய மடத்தனம்கூடப் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது!

விதிகளைத் தொடாதே என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எழுதப்பட்ட காலத்தில் இன்டர்நெட் என்றால் 28.8 கிலோபிட் மோடம். எட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற தகவலை அந்தக் கம்பியில் அனுப்பவே முடியாது. அதனால் என்ன செய்தார்கள்? யாருடைய இருப்பிடத்தையும் அனுப்பவில்லை. ஆடுகிறவன் கொடுத்த கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். எட்டுக் கம்ப்யூட்டரும் எட்டு முறை அதே போரைத் தனித்தனியாக நடத்தும், விடை எல்லாவற்றிலும் ஒன்றாக வர வேண்டும். ஒரு கட்டளை அந்த நொடியே நிறைவேறாது, இரண்டு சுற்றுத் தள்ளி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் சேர்ந்து நிறைவேறும். அதை எழுதிய பொறியாளர்கள் 2001-ல் ஒரு மாநாட்டில் இதை விளக்கியபோது ஒரு மானை உதாரணம் சொன்னார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு கம்ப்யூட்டரில் ஒரு மான் மட்டும் துளி தள்ளி நின்றால், அது மேயும் இடம் மாறும். சில நிமிடம் கழித்து அதை வேட்டையாடப் போகும் ஆளின் பாதை மாறும், ஈட்டி குறி தவறும், அவன் வீட்டுக்கு இறைச்சி வராது. அங்கிருந்து இரண்டு கம்ப்யூட்டரும் இரண்டு வேறு உலகங்கள். நம் விடுதியில் பாதி ஆட்டத்தில் "அவுட் ஆஃப் சிங்க்" என்று வந்து நின்றுபோகுமே, அந்தச் செய்திக்குப் பின்னால் இருந்தது இப்படி ஏதோ ஒரு மான்தான்.

ஆகவே இந்த வகை ஆட்டத்தில் சின்ன திருத்தம் என்று ஒன்று கிடையாது. வீரர்கள் வழி தேடும் கணக்கில் ஒரு வரியைச் சீராக்கினால், குதிரைப்படை பாலத்தைக் கடக்கும் விதம் மாறும். அதை நம்பிப் பத்து வருடம் பழகியவன் தோற்பான். சேமித்து வைத்த பழைய ஆட்டப் பதிவும் கட்டளைகளின் பட்டியல்தானே? விதி மாறிய பதிப்பில் அதைப் போட்டால் வேறு யாரோ ஆடிய ஆட்டம் மாதிரி ஓடும்.

இதை நன்றாகப் புரிந்து வேலை செய்தவர்கள் ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர் செய்தவர்கள். தென்கொரியாவில் அந்த ஆட்டம் ஒரு தொழில்முறை விளையாட்டு. 2017 ஜூலையில் பூசான் நகரத்துக் கடற்கரையில் மேடை போட்டு, பழைய சாம்பியன்களை உட்கார வைத்து அறிமுக விழா நடத்தினார்கள். பழைய ஆட்டத்தில் ஒரே தடவையில் 12 பேருக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. இன்றைய கண்ணுக்கு அது குறை. ஒரு வரி மாற்றினால் நூறு ஆக்கலாம். மாற்றவில்லை. அந்த 12 என்ற தடையைச் சுற்றித்தான் ஒரு நாட்டின் விரல்கள் இருபது வருடம் பழகியிருக்கின்றன. இங்கேயும் ஒரு பட்டன், எஃப் 5, பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாற.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. பழைய ஸ்டார்கிராஃப்டில் ஒரு பிழை இருந்தது. ரசிகர்கள் சொந்தமாக வரைபடம் உருவாக்கும் வசதியில், எந்த எண்ணைக் கொடுத்தாலும் எல்லை பார்க்காமல் நினைவகத்தைத் தொட விட்டுவிடும். இப்படி ஒன்றைத் தேர்வில் எழுதினால் நம் சார்கள் முட்டை போடுவார்கள். கொரிய ரசிகர்கள் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே புகுந்து, ஆட்டத்தின் உட்புறத்தை மாற்றி, முற்றிலும் புதிய ஆட்டங்களைச் செய்து ஆடினார்கள். ரீமாஸ்டரில் நினைவக அமைப்பே வேறு, அந்த வரைபடங்கள் ஓடவே ஓடாது. பாதுகாப்பாகவும் இல்லாத ஒரு பிழை போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொறியாளர் உட்கார்ந்து, பழைய முகவரி ஒவ்வொன்றும் புதிய அமைப்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தி, அந்தப் பிழை இருப்பது போலவே ஆட்டம் நடந்துகொள்ளும்படி ஒரு ஏற்பாடு செய்தார். பிழையை நீக்குவதற்குச் சம்பளம் வாங்கும் நாம், ஒரு பிழையைப் பத்திரமாகத் திரும்பக் கட்டிய அந்த வேலையைப் பார்த்து எழுந்து நின்று கை தட்ட வேண்டும். வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே, அசல் ஸ்டார்கிராஃப்டையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் படம் வேண்டுமா, காசு கொடு. வேண்டாமா, பழசை எடுத்துக்கொள். நேர்மையான வியாபாரம்.

அதே பிளிசார்ட் நிறுவனம்தான் இரண்டரை வருடம் கழித்து வேறு மாதிரி நடந்துகொண்டது. வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் 2020 ஜனவரியில் வந்தது. 2018-ல் மேடையில் காட்டிய புதிய கதைக் காட்சிகள் முழுதாக வரவில்லை. அது விளம்பரத்துக்கும் பண்டத்துக்கும் உள்ள வழக்கமான தூரம் என்று விட்டுவிடலாம். கோபம் வந்தது வேறொன்றுக்கு. ரீமாஸ்டரைக் காசு கொடுத்து வாங்காமல், 2002-ன் பழைய ஆட்டத்தையே வைத்துக்கொண்டு இணையத்தில் ஆடியவர்களுக்கும் அதே புதிய மென்பொருள் வந்து உட்கார்ந்தது. தரவரிசைப் பட்டியல், குழுக்கள் என்று பழையதில் இருந்த வசதிகள் புதியதில் அன்றைக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையடித்தால் நம் வீட்டுத் திண்ணையை இடித்த கதை! கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. தரவரிசையை ரசிகர்கள் தாங்களே வேறு இடத்தில் நடத்தினார்கள். ரசிகர்கள் உருவாக்கும் வரைபடங்களின் உரிமை நிறுவனத்துக்கே என்றும் விதி எழுதினார்கள். டோட்டா என்ற விளையாட்டு வார்கிராஃப்ட் 3-ன் ரசிகர் வரைபடமாகப் பிறந்து, பிறகு வேறொரு நிறுவனத்தின் கையில் பெரிய வியாபாரமானது என்பது தெரிந்தவர்களுக்கு அந்த விதியின் காரணம் விளங்கும். நிறைய திருத்தங்கள் செய்து 2024 நவம்பரில் இரண்டாம் பதிப்பாக விட்டார்கள். அது எவ்வளவோ மேல்.

ஆனால் அதே 2024 நவம்பரில் இன்னொன்று நடந்தது. முதல் இரண்டு வார்கிராஃப்ட் ஆட்டங்களுக்கும் ரீமாஸ்டர் வந்தது. வந்த கையோடு, அவற்றின் பழைய பதிப்புகளை ஜிஓஜி என்ற இணையக் கடையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் 13-ஆம் தேதியோடு விற்பனை நின்றது. முன்பே வாங்கியவர்களுக்காகத் தொடர்ந்து பராமரிப்போம் என்று அந்தக் கடை சொன்னது. அதை வாழ்த்துகிறேன். புதிதாக ஒரு மாணவன் 1995-ன் வார்கிராஃப்ட் 2-ஐ அந்தக் கடையில் போய் வாங்க வழி இல்லாமல் போய்விட்டது. ரீமாஸ்டர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பழசு இன்னும் அலமாரியில் இருக்கிறதா?

இருந்தால் பிழை நடந்தாலும் தாங்கும். 2015-ல் ஹோம்வேர்ல்ட் ரீமாஸ்டர் வந்தபோது, 1999-ன் முதல் ஆட்டத்தை 2003-ன் இரண்டாம் ஆட்டத்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். கப்பல்களின் அணிவகுப்பும், குண்டு உண்மையாகவே பறந்து போய்த் தாக்கும் கணக்கும் அடிபட்டன. அடுத்த ஆண்டு திருத்தினார்கள். அதுவரை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், அதே பொட்டலத்தில் பழைய ஆட்டமும் வந்திருந்தது. ஒப்பிட்டுக் காட்டிக் கேட்க முடிந்தது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றிப் பேசாமல் இறங்கினால் எங்கள் வகுப்பு என்னை வீட்டுக்கு விடாது. நான் சொன்ன விதிகளுக்கு அது கொஞ்சம் அடங்காத பிள்ளை. உருவாக்கிய என்செம்பிள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2009-ல் மூடிவிட்டது. ஆட்டம் செத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரசிகர்கள் சிலர் சேர்ந்து தாங்களே புதிய நாடுகளைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்தார்கள். 2013-ல் அது அதிகாரபூர்வ வெளியீடாகவே ஆனது. 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனிலும் அதே குழுவுக்கு முக்கியப் பங்கு. இதில் விதிகள் மாறித்தான் இருக்கின்றன. வயல் தானாக மறுபடி விதைத்துக்கொள்ளும். உளவுக் குதிரை தானாக ஊர் சுற்றும். எங்கள் அறைத்தோழன் ஒருவன் வயலைக் கவனிப்பதிலேயே எங்களையெல்லாம் ஜெயித்தவன். அவனுக்கு இது அநியாயம். புதிதாக ஆட வரும் தங்கைக்கு இது உபகாரம். வழி தேடும் கணக்கைத் தொட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரசிகர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள், போடட்டும். என் தீர்ப்பு: அதை ரீமாஸ்டர் என்று சொல்லாதீர்கள், உயிரோடு வளர்கிற ஆட்டம் என்று சொல்லுங்கள். 2022-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டைக்குள்ளேயே அதன் பெரிய போட்டி ஒன்றை நடத்தினார்கள். 23 வயது ஆட்டத்துக்கு!

அது உயிரோடு இருந்ததால்தான் நமக்கும் ஒரு லாபம் வந்தது. 2013-ல் இந்தியா முழுவதற்கும் சேர்த்து "இந்தியர்கள்" என்று ஒரே நாடு. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து, கூடவே திராவிடர் என்று ஒரு தனி அணி கொடுத்தார்கள். அவர்களுடைய வீரன் உருமி சுழற்றுவான். திரிசடை என்று ஒரு போர்க்கப்பல். நம் ஊர் உருக்கின் பெயரில் ஒரு தொழில்நுட்பம், அதை ஆராய்ந்து முடித்தால் எதிரியின் கவசம் உங்கள் வாளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆட்கள் தமிழ் பேசுகிறார்கள். ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்துக்குக் கடல் கடந்து போன கதை ஒரு படையெடுப்பாகவே இருக்கிறது. பெயர் பொருத்தமா, வரலாறு சரியா என்பதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம், நானே வருகிறேன். ஆனால் விடுதியில் பிரிட்டன்காரர்களாகவும் மங்கோலியர்களாகவும் மட்டுமே ஆடிய எங்களுக்கு, முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டபோது என்னவோ செய்தது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டர் வந்தபோது, அந்தப் பழைய ஆட்ட மூளையின் மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்த வரிசையின் இன்னும் சில ஆட்டங்களின் நிரலும் வெளிவந்தது. உங்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனதும் முதல் நாள் கையில் கிடைக்கப்போவது யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன நிரல்தான். அதைப் படிக்க இங்கே பாடத்திட்டத்தில் இடம் இல்லை. இதை எடுத்துப் படியுங்கள். தாது வண்டி ஏன் எதிரிக் கோட்டைக்குள் போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற முதல் மாணவருக்கு எங்கள் வகுப்பு சார்பில் ஒரு பரிசு உண்டு. திருத்த வேண்டாம், காரணம் சொன்னால் போதும்.

இன்று மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் லேபில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் எங்களுக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போட்டி. வயல் தானாக விதைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும் என்று என் அறைத்தோழன் நிபந்தனை போட்டிருக்கிறான், தம்பிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மெயின் சுவிட்ச் பக்கம் வார்டன் சாரை யாரும் விட வேண்டாம்.